கலிங்கத்தின் இரு போர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘வரலாற்றில் புகழ்பெற்ற போர்கள்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருளோ கடல். மாரத்தான் தொடங்கி வாட்டர்லூ வரையிலும், தலையாலங்கானம் தொடங்கித் தலைக்கோட்டை வரையிலும் களங்களின் பெயர்களை அடுக்கினாலே எனக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிடும். எந்தப் போரில் எத்தனை யானை பட்டது, எவன் வென்றான், எவன் புறங்கொடுத்தான் என்பதையெல்லாம் வரலாற்று நூல்கள் செவ்வனே சொல்கின்றன. அதனைக் கேட்கக் கவிஞர் அவை ஒன்று கூட வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டின்மேல் இரண்டு படையெடுப்புகள். ஒன்றை வென்ற அரசனே கல்லில் எழுதினான். மற்றொன்றை நம் தமிழ்ப் புலவன் ஒருவன் பாடினான். நாடு கலிங்கம்.

இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதியும் அதனை ஒட்டிய ஆந்திரத்தின் வடகோடியும் சேர்ந்த நிலம் அது. நம் பழஞ்செய்யுட்களில் கலிங்கம் என்றால் ஆடை. அந்நாட்டு நெசவு நம் துறைகளில் வந்து இறங்கியதால் துணிக்கே நாட்டின் பெயர் ஆயிற்று என்பர். வாள் போவதற்கு முன்பே அங்கிருந்து துணி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. இரண்டு போர்களும் ஒரே வயலில் நடந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அசோகன் காலத்துக் கலிங்கத்தின் தலைமையூர் தோசாலி. அது இன்றைய புவனேசுவரத்தை ஒட்டியது. சோழப்படை சென்ற காலத்துக் கலிங்கநகரம் தெற்கே, இன்றைய சிறீகாகுளம் மாவட்டத்து முகலிங்கம் என்பது அறிஞர் கருத்து. எனினும் நாட்டின் பெயர் ஒன்று. அதன் மக்களும் ஒரு தொடர்ச்சி.

முதற்போர் கி.மு. 261ஆம் ஆண்டை ஒட்டியது. அசோகன் முடிசூடி எட்டாண்டுகள் ஆகியிருந்தன. அவனுடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு அப்போரின் கணக்கைத் தருகிறது. பிடித்துக்கொண்டு போகப்பட்டோர் 1,50,000 பேர். களத்தில் கொல்லப்பட்டோர் 1,00,000 பேர். அதன் பன்மடங்கினர் வேறு வகையில் மாண்டனர். பகைவரின் பிணங்களைக் கல்லில் எண்ணிக் காட்டும் வழக்கம் பழைய அசீரிய மன்னர்களுக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் எண்ணியது மகிழ்வதற்காக. எண்ணிவிட்டு வருந்துகிறேன் என்று எழுதியவன் அசோகன்.

அவ்வருத்தத்தின் நுட்பம் கவிஞர்களாகிய நீங்கள் கருதத்தக்கது. இறந்தவர்க்கு மட்டும் அவன் இரங்கவில்லை. அந்நாட்டில் வாழ்ந்த பார்ப்பனர், துறவியர், பிற நெறியினர், பெற்றோரையும் மூத்தோரையும் பேணி இல்லறம் நடத்தியோர் ஆகியோர் அடிபட்டதையும் கொலையுண்டதையும் அன்புடையாரைப் பிரிந்ததையும் தனித்தனியே சொல்கிறான். அதற்கும் மேலே ஒரு படி செல்கிறான். தமக்கு ஒரு தீங்கும் நேராதவர்கூடத் தம் நண்பரும் சுற்றத்தாரும் பட்ட துன்பத்தால் துன்புற்றனரே, அதுவும் தமக்கு நேர்ந்த தீங்குதானே என்று எண்ணுகிறான். காயம்படாதவனின் காயத்தையும் கணக்கில் சேர்த்த அரசாணை அது.

இதனைப் படித்து உருகாதவர் இல்லை. பள்ளிப் பாடநூலில் அசோகன் கண்ணீர் வடித்த கதையாக நாம் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பாடநூல் பொதுவாகச் சொல்லாமல் விடுவன சில உண்டு. அதே கல்வெட்டில் காட்டுவாழ் மக்களைப் பார்த்து, வருந்துகின்ற எனக்கு ஒறுக்கும் ஆற்றலும் உண்டு என்று அவன் எச்சரிக்கிறான். கைப்பற்றிய நாட்டை அவன் திருப்பித் தரவில்லை. கொண்டுபோன ஒன்றரை இலட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

இவற்றினும் என்னைத் தடுத்து நிறுத்திய செய்தி வேறொன்று. அக்கல்வெட்டு எங்கெங்கே வெட்டப்பட்டது என்று பாருங்கள். குசராத்தின் கிர்நாரில் இருக்கிறது. இமயத்தின் அடிவாரத்துக் கால்சியில் இருக்கிறது. ஆந்திரத்தின் எர்ரகுடியில் இருக்கிறது. இன்று பாக்கித்தானில் உள்ள சாபாசுகடியிலும் மான்செராவிலும் கரோட்டி எழுத்தில் இருக்கிறது. ஆப்கானித்தானத்துக் காந்தகாரில் 1963இல் கிடைத்த கல்லில் அதன் தொடக்கப் பகுதி கிரேக்க மொழியில் இருக்கிறது. கலிங்கத்தில் மட்டும் இல்லை. புவனேசுவரத்தின் அருகே தயா ஆற்றங்கரையில், பாறையிலிருந்து யானை ஒன்று வெளிப்படுவதுபோல் செதுக்கிய தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து சௌகடாவிலும் மற்ற ஆணைகள் உள்ளன. 11, 12, 13 ஆகிய மூன்றும் விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு ஈடாக வேறு இரண்டு ஆணைகள் அங்கே வெட்டப்பட்டன. எல்லா மாந்தரும் தன் மக்களே என்னும் கருத்து அவற்றில் இருக்கிறது. காரணமின்றி எவரையும் சிறையிடாதீர் என்று அதிகாரிகளுக்கு அறிவுரை இருக்கிறது. நல்ல ஆணைகள்தாம். ஆனால் எவரைக் கொன்றதற்காக வருந்தினானோ அவருடைய மக்களின் கண்ணுக்கு அவ்வருத்தம் காட்டப்படவில்லை.

ஏன் என்பதற்கு அறிஞர் பலவாறு காரணம் கூறுவர். ஆறிவரும் புண்ணைக் கிளற வேண்டாம் என்னும் ஆட்சி நயம் என்பது பெரும்பான்மைக் கருத்து. இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. ஓர் இலட்சம் என்னும் எண் கிரேக்கனுக்கும் குசராத்தியனுக்கும் செய்தி. தோசாலியில் இருந்தவனுக்கோ அந்த ஓர் இலட்சத்தில் ஒவ்வொருவனும் பெயர் உடையவன். அவன்முன் அந்த எண்ணை வைக்கக் கல்தச்சனின் உளி கூசியிருக்கும்.

கலிங்கத்தார் தாமே சொன்ன சொல் ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது. தௌலியிலிருந்து சில கல் தொலைவில் உதயகிரிக் குன்றில் அத்திகும்பா என்னும் குகை. அதில் காரவேலன் என்னும் கலிங்க வேந்தனின் பதினேழு வரிக் கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டு என்பர் பலர். தன் ஆட்சியை ஆண்டு ஆண்டாக எழுதிவைத்தான் அவன். நந்த அரசன் எடுத்துச் சென்ற கலிங்கச் சினர் படிமத்தை மீட்டதைச் சொல்கிறான். தமிழ் நாட்டவரின் கூட்டணியை உடைத்ததைச் சொல்கிறான். அதனை வைத்து நம்மவர் கட்டுரை எழுதாத ஆண்டில்லை! அவன் எழுதியனவும் வெற்றிகளே. அசோகன் போரில் மாண்ட தன் முன்னோரைப்பற்றி அவன் பேசவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அசோகனின் அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டிலேயே, படையின்றி அறத்தால் தான் வென்ற நாடுகளென்று சோழரையும் பாண்டியரையும் தாமிரபரணி வரையுள்ள நிலத்தையும் குறிக்கிறான். அந்தச் சோழர் பெயரைத் தாங்கிய ஒருவனின் படை ஏறத்தாழ 1370 ஆண்டுகள் கழித்துக் கலிங்கத்துக்குப் புறப்பட்டது.

கி.பி. 1110ஐ ஒட்டிய காலம். அரசன் முதலாம் குலோத்துங்கன். படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். எதிரி கலிங்கத்துக் கங்கர் குல மன்னன் அனந்தவர்ம சோடகங்கன். அவன் பெயரிலேயே சோழர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் தாய் இராசசுந்தரி சோழர் குலமகள். குலோத்துங்கனும் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். சோழன் ஆனது தாய் அம்மங்கை வழியால்தான். ஆக, சோழர் வீட்டுப் பெண்கள் இருவர் பெற்ற பிள்ளைகள் மோதிக்கொண்ட போர் இது. இறை செலுத்த இருமுறை வரத் தவறினான் என்பது பரணி சொல்லும் காரணம். வேண்டாம் என்று தடுத்த எங்கராயன் என்னும் அமைச்சன் ஒருவனும் கலிங்க அவையில் இருந்ததாகப் பரணி சொல்கிறது. எந்த அவையிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் சொல் எடுபடாது.

அப்போரைச் சயங்கொண்டார் ஏறத்தாழ 600 தாழிசைகளில் பாடினார். அந்நூலின் நடையை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. குதிரை ஓட்டத்தையும் வாள் வீச்சையும் சந்தத்திலேயே கேட்கச் செய்தவர் அவர். பேய்கள் குருதியிலும் மூளையிலும் கூழ் அட்டு, பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய் என்று வரிசையாய் அமர்ந்து உண்ணும் பகுதியைப் படித்துச் சிரிக்காதவன் தமிழ்ச் சுவை அறியாதவன். அந்தச் சிரிப்பு எனக்கும் உண்டு. ஆயினும் களத்தைப் பேய் காளிக்குச் சொல்லும் இடத்தில், தோற்று ஓடிய கலிங்கர் உயிர் தப்பிய வகைகளை அடுக்கும் நான்கு தாழிசைகள் உள்ளன. அவ்விடத்தில் மட்டும் என் சிரிப்பு இப்போது நின்றுவிடுகிறது.

காட்டுத் தூறுகளில் சிக்கி மயிர் பறிபட்டு, இடையில் இருந்த துணியும் உரிந்துபோன சிலர், நாங்கள் சமணத் துறவியர் என்று சொல்லிப் பிழைத்தார்கள். இடுப்புத் துணியையும் நாட்டையும் ஒரே சொல்லால் குறித்துப் புலவர் சிலேடை செய்கிறார். கலிங்கம் இழந்த கலிங்கர். வேறு சிலர் வில்லின் நாணை மடித்து மார்பில் பூணூலாக இட்டுக்கொண்டு, கங்கையாட வந்தோம், இடையில் அகப்பட்டோம் என்றார்கள். இன்னும் சிலர் குருதி தோய்ந்த கொடித்துணியை உடுத்துப் போர்த்துத் தலையை மழித்துக்கொண்டு, எங்கள் உடையைப் பார்த்தால் புத்தத் துறவியர் என்று தெரியவில்லையா என்றார்கள். கடைசிச் சிலர், செத்த யானையின் மணியை அவிழ்த்துத் தாளமாகப் பிடித்துக் கும்பிட்டு, நாங்கள் தெலுங்கப் பாணர், போர் பார்த்துத் திகைத்து நின்றோம் என்று சொல்லித் தப்பினார்கள்.

புலவர் நகைச்சுவையாகத்தான் பாடினார். அரசவையும் நகைத்திருக்கும். ஆனால் அசோகன் கல்வெட்டின் பட்டியலை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பார்ப்பனர், துறவியர், இல்லறத்தார். போர் இவர்களையும் விட்டுவைக்கவில்லையே என்று அவன் வருந்தினான். சயங்கொண்டார் பாட்டிலோ பார்ப்பனன் என்றும் துறவி என்றும் வேடம் போட்டால்தான் உயிர் கிடைக்கிறது. அப்படியானால் அத்தகையோரைச் சோழ வீரர் தொடுவதில்லை என்னும் அறம் ஒன்று களத்தில் இருந்திருக்கிறது. புலவர் அதைப் புகழவில்லை, ஆனால் வேடம் பலித்தது என்பதிலேயே அது வெளிப்பட்டுவிடுகிறது. இல்லறத்தான் என்று சொல்லி ஒருவரும் தப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். நான் உழவன், நான் நெசவாளி, வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பது அங்கே வேடமாகக்கூடச் செல்லவில்லை.

இப்படித் தலைகீழாய்க் கிடக்கிறது நம் முன் உள்ள சான்று. அரசன் பெருமை பேசுவான், புலவன் இரங்குவான் என்பது நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் கணக்கு. கலிங்கத்தில் அரசன் இரங்கினான், புலவன் ஆர்ப்பரித்தான். இதனால் சயங்கொண்டாரைத் தாழ்த்திவிட வேண்டும் என்று நினைப்பவர் எவரேனும் இருந்தால் நான் அவரோடு இல்லை. அவையில் சோறுண்டவர் அவர். பரணி என்னும் துறையும் வெற்றியைப் பாடுவதற்கென்றே வகுக்கப்பட்டது. ஆயிரம் யானைகளைக் களத்தில் வீழ்த்தியவனுக்கு உரியது என்று பாட்டியல் விதி சொல்கிறது. அந்த விதிக்குள் நின்றுகொண்டே அவர் கண் வேறு சிலவற்றையும் கண்டிருக்கிறது. களத்தில் கிடக்கும் கணவன் உடலை நிலமகளும் தீண்டக்கூடாதென்று தன் கைகளில் ஏந்தி, வானத்து மகளிர் அவனைச் சேர்வதற்குள் தன் உயிரையும் விட்டுவிடுகிற பெண்ணைப் பேய் காளிக்குக் காட்டுகிறது. அவள் எந்நாட்டவள் என்று புலவர் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் சோழனும் இல்லை, கலிங்கனும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. பரணி நூல் தோற்றவர் பெயரால் வழங்கப்படுவது மரபு. குலோத்துங்கன் பரணி என்று ஒருவரும் சொல்வதில்லை; கலிங்கத்துப்பரணி என்றே சொல்கிறோம். பிற்காலத்தில் ஒட்டக்கூத்தர் பாடியதும் வீரபத்திரர் பரணி அன்று. வேள்வி அழியப்பெற்ற தக்கன் பெயரால் தக்கயாகப்பரணி. உலகில் வேறு எந்த மொழியில் வெற்றிப் பாட்டுக்குத் தோற்றவன் பெயரைத் தலைப்பாக வைக்கும் விதி இருக்கிறதோ நான் அறியேன். நம் முன்னோர் என்ன கருதி அதனைச் செய்தாராயினும், பாட்டின் வாயிலில் நிற்பவன் தோற்றவனே.

வரலாறோ பரணி முடிந்த இடத்தில் முடியவில்லை. கொள்ளையோடும் யானைகளோடும் சோழப்படை திரும்பியது. மலையில் ஒளிந்தான் என்று பாடப்பட்ட அனந்தவர்மன் தன் நாட்டிலேயே இருந்தான். 1078இல் முடிசூடியவன் ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆண்டான். வடக்கே உற்கலத்தைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். பூரியில் இன்று நாம் காணும் செகந்நாதர் பெருங்கோயிலைத் தொடங்கினான். வென்ற குலோத்துங்கனோ தன் இறுதிக் காலத்தில் வேங்கியை மேலைச் சாளுக்கியரிடம் இழந்தான். பரணியை மட்டும் படித்தவன் பூரிக் கோயிலின்முன் நின்றால், தோற்றவன் கட்டியது இது என்று நம்ப மாட்டான்.

பாட்டு விட்டுவிடுகிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்குக் கிரேக்கத்திலிருந்து ஒன்று சொல்லி விடுகிறேன். கி.மு. 480இல் தெர்மோபிலிக் கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து நின்று மாண்டவர் யார் என்றால் ஸ்பார்ட்டா வீரர் முந்நூற்றுவர் என்று உலகமே சொல்லும். காரணம், அவர்களுக்காகக் கல்லில் பொறித்த இரண்டே அடிப் பாட்டு. சைமனிடிஸ் என்னும் புலவர் பெயரால் அது வழங்குகிறது. அதே நாளில் அவர்களோடு நின்று தெஸ்பியா என்னும் சிற்றூரின் எழுநூறு பேரும் மாண்டார்கள் என்பதை எரோடோட்டசு எழுதியிருக்கிறார். அந்த இரண்டடியில் அவர்களுக்கு இடம் இல்லை. அவர்களுக்கென்று அக்கணவாயில் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது 1997இல். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுநூறு பேரை ஓர் அழகிய பாட்டு மறைத்து நின்றிருக்கிறது.

தோற்றவர் தாமே பாடிய பாட்டு நம்மிடம் இல்லாமல் இல்லை. பறம்பை இழந்த பாரி மகளிர் பாடிய ஐந்து அடிகளை இங்கே மனப்பாடமாக அறியாதவர் ஒருவரும் இரார். மூவேந்தர் முற்றுகையைப் பற்றிப் பின்னர் எத்தனை கதை எழுந்தாலும், நிலவையும் குன்றையும் தந்தையையும் சொல்லும் அச்சிறு பாட்டின் பக்கத்தில் அவை நிற்கமாட்டா. நம் காலத்திலும் அந்தக் குரல் எழுந்தது. 1985இல் ஈழத்துக் கவிஞர்களின் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு வந்தபோது, போரைக் கரையில் நின்று பாடாமல் அதற்குள் இருந்தே எழுதும் தமிழை நாம் படித்தோம். அப்போர் 2009 மே மாதம் வரை நீண்டது. அங்கே மாண்டவர் எத்தனை பேர் என்னும் எண்ணைப்பற்றி உலக அவைகள் வழக்காடிக்கொண்டிருந்தபோது, அவ்வெண்ணுக்குள் இருந்தவர்களின் வீட்டையும் கிணற்றையும் முற்றத்து மரத்தையும் அம்மண்ணின் கவிஞர்கள் எழுதினார்கள். கலிங்கத்துக்கு அப்படி எழுதுவார் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் நமக்கு வந்து சேரவில்லை. கொன்றவனின் எண்ணும், வென்றவனின் பாட்டும்தான் நம் கையில் இருக்கின்றன.

நம் வட்டத்தின் கவியரங்குகளில் போர் பற்றிய கவிதைகள் நிறையவே படிக்கப்படுகின்றன. வாளும் வேலும் தோளும் அவற்றில் குறைவில்லாமல் வருகின்றன. குறை சொல்வதாக எண்ண வேண்டாம். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆயினும் செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த திங்கள் கவியரங்கிற்கு இன்னும் தலைப்பு வைக்கவில்லை என்று அறிகிறேன். செத்த யானையின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்துக்கொண்டு, பாணன் என்று பொய் சொல்லி நின்ற அந்தக் கலிங்க வீரனைத் தலைப்பாக வைக்கலாம். பாணன் என்றால் ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம் என்று சோழ வீரன் ஒருவன் கட்டாயம் கேட்டிருப்பான். என்ன பாடினான் என்பதைச் சயங்கொண்டார் சொல்லாமல் விட்டுவிட்டார். நம் கவிஞர்கள் சொல்லட்டும். கேட்க நான் முன்வரிசையில் வந்து அமர்கிறேன்.